வாளை மறுத்தவர்களின் நிலக்கணக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஐம்பது அறுபது பேர் கூடுகிற ஒரு சிறு சபை, போருக்குப் போகமாட்டோம், நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டோம் என்று ஐந்நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே எப்படி நிலைத்தது என்று மென்னோனைட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை இரத்தசாட்சிகளின் கதைதான். 1569இல் நெதர்லாந்தின் அஸ்பெரென் ஊரில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார், பிடிபட்டார், எரிக்கப்பட்டார். பெரிய செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் இதையே அடையாளமாக வைத்துக்கொண்டால் போர் மறுப்பு என்பது அபூர்வ மனிதர்களின் மனவலிமை என்று ஆகிவிடும். என் கருத்து வேறு. அந்தக் கொள்கை உயிரோடு இருந்த இடமெல்லாம் ஒரு சபையின் அன்றாட ஒழுங்கில் ஊன்றி நின்றிருக்கிறது. அதிலும் நிலம், பணம், அதிகாரம் மூன்றும் உறுப்பினர்களுக்குள் எப்படிப் பகிரப்பட்டன என்பதில்தான் அதிகம். அந்த ஒழுங்கு கெட்ட இடத்தில் அறிக்கைகளில் கொள்கை அப்படியே இருந்தும் பயன்படவில்லை.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1525 ஜனவரியில் சூரிச் நகரில் கான்ராட் கிரேபெல், ஃபெலிக்ஸ் மான்ஸ் முதலிய சிலர் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். குழந்தையில் பெற்றது செல்லாது, விவரம் தெரிந்தவர் தாமே விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்றார்கள். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஊர்ச்சபையில் சேர்ந்துவிடும் என்ற ஏற்பாட்டின்மேல் அந்நாளைய அரசும் திருச்சபையும் சேர்ந்தே நின்றிருந்ததால், இது அரசைத் தொட்ட விஷயமாகிவிட்டது. இரண்டே ஆண்டில், 1527 ஜனவரியில், மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அடுத்த மாதம் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடியவர்கள், வாளும் சத்தியப் பிரமாணமும் கிறிஸ்துவின் சீஷருக்கு ஆகாது என்று ஏழு பிரிவுள்ள ஓர் அறிக்கையில் எழுதிவைத்தார்கள். இதே மறுஞானஸ்நான இயக்கத்தின் இன்னொரு கிளைதான் 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரைப் பிடித்து, வாளேந்தி ஆண்டு, மறுவருடம் இரத்த வெள்ளத்தில் அழிந்தது என்பதையும் மறக்காதே. ஃபிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மென்னோ சைமன்ஸ் அந்த அழிவைக் கண்ட பிறகே, 1536இல் பதவியைத் துறந்து, சிதறிப்போனவர்களைச் சேர்த்தார். சமாதானம் இவர்களுக்குப் பிறவிக்குணமாக வந்ததில்லை, பட்டுத் தெளிந்தது.

சிறு சபை அதை எப்படிக் காத்தது என்று பார். ஞானஸ்நானம் பெறுகிறவர் கடவுளிடம் மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை. சகோதரர்களுக்குப் புத்தி சொல்லவும் அவர்கள் சொல்வதைக் கேட்கவும் சபையார் முன்னிலையில் இசைகிறார். பழைய வழக்கம் விடாத சபைகளில் இராப்போஜனத்துக்கு முன் ஒரு கூட்டம் உண்டு. யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் இருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள். இருந்தால் அது தீரும்வரை பந்தி தள்ளிப்போவதும் உண்டு. பந்திக்குப் பின் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கால் கழுவுவார்கள். நூறு ஏக்கர்க்காரரும் அவர் பண்ணையில் கூலிக்கு நிற்பவரும் ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தின் முன் குனிய வேண்டும். போதகரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபைகள் பல. வாத்தியம் இல்லாமல் நான்கு குரல்களில் பாடுவதைப் பெரிதாக மதிக்கிறார்கள், அந்தப் பாட்டில் ஒருவர் மட்டும் ஓங்க முடியாது. இவற்றையெல்லாம் வெறும் பழமைவாதம் என்று எளிதாகத் தள்ளிவிடலாம், சிலது அப்படித்தான். ஆனால் பகை சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படுவதற்கும், பெரியவர் சிறியவர் என்ற உயரம் அவ்வப்போது தணிவதற்கும் இவை வழி செய்தன. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித்தகராறு தீர்க்கத் தெரியாதவர் நாட்டுக்கு நாடு சமாதானம் பேசுவதை இந்தச் சபை நம்புவதில்லை.

இனி என் வாதத்துக்கு மிக வேண்டிய சான்றுக்கு வருகிறேன். இரண்டாம் கேத்தரின் பேரரசி ருஷ்யாவின் தென்பகுதியில், இன்றைய உக்ரைனில், குடியேற வருவோருக்கு நிலமும் வழிபாட்டுச் சுதந்திரமும் படைச்சேவையிலிருந்து விலக்கும் தருவதாக அழைத்தார். விஸ்துலா ஆற்றுமுகத்தில் இருந்த மென்னோனைட்டுகள் 1789இல் கோர்டிட்சாவிலும் 1804இல் மொலோச்னாவிலும் குடியேறினார்கள். குடும்பத்துக்கு 65 தெசியாத்தினா, ஏறக்குறைய 175 ஏக்கர். அந்த நிலத்தைக் கூறுபோடக் கூடாது. ஒரே வாரிசுக்குத்தான் போகும். இரண்டு தலைமுறை போனதும் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். 1860களில் மொலோச்னாவில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் இல்லை. கிராமக்கூட்டத்தில் வாக்கோ பண்ணை வைத்திருந்தவருக்கு மட்டுமே. பொதுவுக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்தையும் வசதியானவர்களே குத்தகைக்கு அனுபவித்தார்கள். நிலமற்றவர்கள் முறையிட்டபோது காலனி நிர்வாகம் நிலக்காரர் பக்கம் நின்றது. சபை மூப்பர்களில் பலர் இது உலக விவகாரம், நமக்கேன் என்று ஒதுங்கினார்கள். ஒரே பந்தியில் அப்பம் பிட்டவர்களுக்குள் நியாயம் வழங்க, ஜார் அரசின் அதிகாரிகள் வந்து தலையிட வேண்டியிருந்தது! அதன் பின்னரே பொதுநிலம் பகிரப்பட்டது. புதிய குடியேற்றங்களுக்கு நிலம் வாங்கக் காசு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் மொலோச்னா மென்னோனைட்டுகள் படைக்குப் போகவில்லை, உண்மை. ஆனால் தம்மைச் சுற்றியுள்ளவரின் பசியைத் தம் கணக்கில் சேர்க்காமல் வாழப் பழகிவிட்டார்கள். காலனியின் வயல்களில் கூலிக்கு உழைத்த உக்ரைனியக் குடியானவர்களோ அந்தக் கணக்கில் அறவே இல்லை.

1874இல் ருஷ்யா கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவந்தது. 18,000 பேர் அளவில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டார்கள். தங்கியவர்கள் படைக்குப் பதில் வனப்பணி செய்வதாக ஒப்பந்தம் பேசினார்கள். பிறகு புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. கொள்ளையும் கொலையும் பெருகிய 1918ஆம் ஆண்டில், ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் படை மொலோச்னா இளைஞர்களுக்குத் துப்பாக்கியும் பயிற்சியும் கொடுத்தது. அந்தக் கோடையில் லிக்டெனாவ் கிராமத்தில் கூடிய சபைப் பிரதிநிதிகள், எதிர்க்காமையே நம் இலட்சியம் என்று மறுபடி சொல்லிவிட்டு, தற்காப்புப் படையில் சேர்வதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார்கள். கொள்கையை யாரும் கைவிடவில்லை. கூட்டாகத் தாங்கும் பொறுப்பைத்தான் கைவிட்டார்கள். தனித்துவிடப்பட்ட இளைஞன் பயத்தின் முன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தான். ஜெர்மன் படை போனதும் தற்காப்புப் படை அராஜகவாதத் தலைவர் மாக்னோவின் ஆட்களோடு சில மாதம் சண்டையிட்டு 1919 மார்ச்சில் சிதறியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஐக்கன்ஃபெல்ட் கிராமத்தில் ஒரே இரவில் எழுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் எடுத்ததால் பழி கூடியதா, எடுக்காவிட்டாலும் இதே கதிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்வேன்: அந்த ஊர்களின்மேல் பாய்ந்த வெறுப்பு 1918இல் முளைத்ததில்லை. அதன் விதை நிலக்கணக்கில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விழுந்திருந்தது.

ஒழுங்கு ஓரளவு நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு போர்மறுப்பாளர்களுக்கு மாற்றுப்பணி வகுத்தது. 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 பேர் அதில் இருந்தார்கள். ஐந்தில் இரண்டு பங்கு மென்னோனைட்டுகள். அரசு சம்பளம் தரவில்லை. முகாம் செலவைச் சபைகளே ஏற்றன. விவசாயக் குடும்பங்கள் பணமும் பதப்படுத்திய உணவும் அனுப்பின. அப்படியிருந்தும் அழைக்கப்பட்ட மென்னோனைட் இளைஞரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே இந்தப் பணிக்கு வந்தார்கள், மற்றவர்கள் படைக்குப் போனார்கள். இதை மறைத்துப் பெருமை பேசுவோரை நம்பாதே. வந்தவர்களில் பலர் மனநல மருத்துவமனைகளில் வேலைக்கு விடப்பட்டார்கள். நோயாளிகள் ஆடையின்றி, அடி வாங்கிக்கொண்டு, ஆள் போதாத கூடங்களில் அடைந்து கிடந்ததைப் போர்மறுப்பாளர்கள் குறித்துவைத்து வெளியே சொன்னது நாட்டையே உலுக்கியது. மென்னோனைட்டுகள் அதோடு நிற்காமல் மேரிலாண்டில் புரூக் லேன், கலிஃபோர்னியாவில் கிங்ஸ் வியூ, கான்சாஸில் பிரெய்ரி வியூ என்று தாங்களே மருத்துவமனைகள் திறந்தார்கள். செலவைக் கூட்டாகச் சுமந்து பழகியவர்களால்தான் இது முடிந்தது.

பிறர் சிந்தும் இரத்தத்தின் நிழலில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு கை சுத்தம் பேசுவது நியாயமா என்பது நீ எழுப்பும் தடை. பாதி நியாயம் உண்டு. வாள் கடவுள் நியமித்ததே, ஆனால் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே என்று ஷ்லைட்ஹைம் அறிக்கை சொல்வதில், அழுக்கு வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்ற தொனி இருக்கத்தான் செய்கிறது. ருஷ்யாவில் அரசின் சலுகையை அனுபவித்தபோதும், கனடாவிலும் கான்சாஸிலும் பூர்வகுடிகள் அகற்றப்பட்ட நிலத்தில் கலப்பை பிடித்தபோதும், வன்முறையின் பலனை வன்முறை செய்யாமலே பெற்றார்கள். ஹிட்லர் காலத்து ஜெர்மன் சபைகளோ படைவிலக்குக் கேட்கக்கூட இல்லை. ஆயினும் இந்தத் தடை கொள்கையை உடைப்பதில்லை. கொள்கையைக் கடைப்பிடிப்பவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் உயர்த்துகிறது. படைக்குப் போகாதவன் தன் உழைப்பையும் காசையும் ஆபத்தையும் வேறு இடத்தில் வைக்கிறானா என்று கேள். வைத்தால் அவன் ஒட்டுண்ணி ஆகமாட்டான். வைக்கவில்லையென்றால் உன் குற்றச்சாட்டு முழுக்கச் சரி.

இதைவிடக் கடினமான தடை ஒன்றை நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மென்னோனைட் சமாதானக் கொள்கையை 1972இல் வெளிவந்த தன் நூலால் உலகக் கிறிஸ்தவ அறிஞர்கள் முன் நிறுத்திய இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர் பல ஆண்டுகளாகப் பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார். குற்றம் செய்தவரை முதலில் தனியே சந்தித்துப் பேசு என்ற மத்தேயு 18ஆம் அதிகாரத்து ஒழுங்கையே அவர் கேடயமாகப் பிடித்தார். பொறுப்பிலிருந்தவர்கள் விஷயத்தை வெளியில் விடாமல் காத்தார்கள். அவர் பணியாற்றிய இறையியல் கல்லூரி அந்தப் பெண்களிடம் பகிரங்கமாகப் பொறுப்பேற்றது 2015இல்தான். சிறு சபையின் நெருக்கம் இங்கே பாதிக்கப்பட்டவரின் வாயைக் கட்டியது. மன்னிப்பு என்ற சொல்லைப் பலம் உள்ளவர் பலம் இல்லாதவரிடம் கேட்டு வாங்கும்போது அது இன்னொரு அடி. இது என் வாதத்துக்கு எதிரான சான்று என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொலோச்னாவில் நிலமும் வாக்கும் சிலர் கையில் குவிந்தது போல இங்கே பேச்சும் புகழும் ஒருவர் கையில் குவிந்தது. சமநிலை இல்லாத இடத்தில், தனியே போய்ப் பேசு என்பது பலவீனமானவரை மறுபடி ஆபத்துக்குள் அனுப்புவதாகும்.

நேரில் போய்ப் பேசும் இதே பழக்கம் சரியாகக் கையாளப்பட்டால் என்ன செய்யும் என்பதற்கு கனடாவின் எல்மைரா ஊர் சான்று. 1974இல் குடித்துவிட்டு இரண்டு இளைஞர்கள் ஓர் இரவில் 22 இடங்களில் சன்னல், கார் டயர் என்று கண்டதையெல்லாம் உடைத்தும் கிழித்தும் போட்டார்கள். நன்னடத்தை அலுவலராக இருந்த மென்னோனைட் ஒருவர், இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அழைத்துப் போகலாமே என்று நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி ஒப்புக்கொண்டார். தனியே அனுப்பவில்லை; இரண்டு பேர் உடன் போனார்கள், பின்னால் நீதிமன்றம் இருந்தது. இளைஞர்கள் கதவு தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று ஒப்புக்கொண்டு, சில மாதங்களில் இழப்பீட்டைக் கொடுத்துமுடித்தார்கள். பல நாடுகளில் இன்று நடக்கும் சீரமைப்பு நீதி முறைக்கு அது ஒரு தொடக்கம். ஒரே தொடக்கம் என்று சொல்லக் கூடாது. நியூசிலாந்தின் மாவோரிகள் போன்றோரிடம் இதற்கு இன்னும் பழைய வழக்கங்கள் உண்டு.

சின்னஞ்சிறு கூட்டங்களின் பலத்தை எத்தியோப்பியாவிலும் காணலாம். அங்குள்ள மென்னோனைட் சபையான மெசெரெத்தே கிறிஸ்டோஸை 1982இல் இராணுவ அரசு தடை செய்து, கட்டடங்களைப் பறித்து, தலைவர்களைச் சிறையில் அடைத்தது. வீடுகளில் சில பேராகக் கூடிய அந்தச் சபையில் தடைக்கு முன் ஏறக்குறைய 5,000 பேர். 1991இல் ஆட்சி கவிழ்ந்தபோது 30,000க்கு மேல். நம் பக்கமும் இந்த மரபு உண்டு. ருஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் மிஷனரிகள் 1890இல் நல்கொண்டாவிலும், அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் 1899இன் பஞ்சத்தின்போது இன்றைய சத்தீஸ்கரின் தம்தரியிலும் பணி தொடங்கினார்கள். தெலங்கானாவில் இன்று மென்னோனைட் சபைகளின் உறுப்பினர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நீ எழுதப்போகும் கட்டுரைக்கு அந்தச் சபைகளில் ஏதாவது ஒன்றுக்குப் போவாயானால், சமாதானத்தைப் பற்றி என்ன நம்புகிறீர்கள் என்று முதலில் கேட்காதே. காணிக்கைக் கணக்கு யார் கையில் இருக்கிறது, கூட்டத்தில் பெண்கள் பேசுகிறார்களா, சொத்துத் தகராறு வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்