தோலில் பூ செதுக்க எந்தக் கருவி?

கேள்வி: தோலில் பூ செதுக்கி அச்சுக் குத்தப் பழகுகிறேன். பெரிய கருவிப் பெட்டியாகவே வாங்கிவிடலாமா?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: வேண்டாம். சுழல் கத்தி, கோட்டோரம் சரிக்கும் அச்சு, பின்னணி அச்சு, மரச் சுத்தி போதும். காசைக் கத்தியில் போடுங்கள். பிடி தடங்கலின்றிச் சுழல வேண்டும், அலகைக் கண்ணாடிபோலத் தீட்டிவைக்க வேண்டும். அச்சின் முகத்தை விரலால் தடவுங்கள். பிசிறோ, உரிந்த முலாமோ தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள், தோலைக் கீறிவிடும். இரும்புச் சுத்தியால் அடித்தால் அச்சின் தலை நசுங்கும்.

தோலும் முக்கியம். குரோமில் பதனிட்ட தோலில் அச்சு நிலைக்காது. தாவரப் பட்டையில் பதனிட்ட தோலைக் கேளுங்கள். திண்டுக்கல், திருச்சி வட்டாரங்கள் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுப் பெயர் பெற்றவை. தோலை லேசாக நனைத்து, மேல்நிறம் பழையபடி திரும்பும்போது செதுக்குங்கள்.