கருவின் தோற்றமும் நம் கடமையும்

எப்பொருளும் காரணமின்றித் தோன்றாது என்பது பகவான் புத்தர் அருளிய தம்மத்தின் அடிப்படையாம். இதற்கு மானிடப் பிறப்பே நம் கண்ணெதிரில் உள்ள சான்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை எனக் கண்டு தம்மத்தைத் தழுவிய நாம், அப்பிறப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் ஐயமறக் கற்றல் வேண்டும்.

மச்சிம நிகாயத்திலுள்ள மகாதண்ஹாசங்கய சூத்திரம், கரு உண்டாதற்கு மூன்று காரணங்களைக் கூறுகின்றது. தாய் தந்தையரின் கூட்டம் ஒன்று. தாய் கருத்தரிக்கும் பருவத்தில் இருத்தல் இரண்டு. பிறவித் தொடர்ச்சிக்குரிய கந்தப்பம் வந்து பொருந்துதல் மூன்று. இவற்றுள் ஒன்று குறையினும் கரு உண்டாகாது. கந்தப்பம் என்பதை அழியாத ஆன்மா என்று கொள்ளலாகாது. உணர்வே மாறாமல் பிறவிதோறும் செல்கின்றது எனக் கருதிய ஒரு பிக்குவைப் பகவான் திருத்தியதும் இதே சூத்திரத்தில்தான்.

முதலிரு காரணங்களின் இயல்பை உயிர்நூலார் நுண்ணோக்காடியின் துணைகொண்டு விளக்கியுள்ளனர். பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827ஆம் ஆண்டில் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டறிந்தார். மனிதரின் சினைமுட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறுக்களவு உடையது. கருக்குழாயில் விந்தணு ஒன்று அதனுள் புகுந்தவுடன், முட்டையின் உறை மாறுதலடைந்து மற்றவற்றைத் தடுக்கின்றது. தாயின் 23 குரோமோசோம்களும் தந்தையின் 23 குரோமோசோம்களும் கூடி 46 ஆகின்றன. குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. ஆதலின், பெண்மகவு பெற்றாள் என்று மனைவியைக் கடிதல் அறியாமையேயாம்.

கருவுற்ற முட்டை ஏறக்குறைய 30 மணி நேரத்தில் இரண்டாகப் பிரிகின்றது. பின்னர் நான்கு, எட்டு எனப் பெருகுகின்றது. நான்காம் நாளளவில் அது முசுக்கட்டைப் பழம் போன்ற சிறு திரளாகும். ஐந்தாம் நாளில் உள்ளே நீர் நிறைந்த கோளமாகி, ஆறாம் நாள் தொடங்கிக் கருப்பைச் சுவரில் பதிகின்றது. மூன்றாம் வாரத்தில் மூன்று படலங்கள் அமைகின்றன. புறப்படலத்தினின்று தோலும் நரம்பும், நடுப்படலத்தினின்று எலும்பும் தசையும் குருதியும், அகப்படலத்தினின்று குடல் நுரையீரல் ஆகியவற்றின் உட்பரப்பும் உண்டாகின்றன. 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். 28ஆம் நாளளவில், மூளைக்கும் தண்டுவடத்திற்கும் மூலமாகிய நரம்புக்குழல் மூடிக்கொள்ளும். எட்டாம் வார முடிவில் கரு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுடையதாய், முதன்மையான உறுப்புகளின் அடிப்படையைப் பெற்றிருக்கும்.

சம்யுத்த நிகாயத்தின் இந்தக சூத்திரமும் கரு படிப்படியாக வளர்வதையே கூறுகின்றது. கலலம், அப்புதம், பேசி, கனம், பசாகம் என்பன அப்படிகள். தாய் உண்ணும் உணவே கருவைப் போஷிக்கின்றது என்றும் அது தெளிவுறுத்துகின்றது. இப்படிகளை இன்றைய நாட்கணக்கோடு வலிந்து பொருத்த வேண்டுவதில்லை. காரணங்கள் கூடிக் காரியம் வளர்கின்றது என்னும் கருத்தே நமக்கு முக்கியமானது.

இனி, இப்படிகளுள் எதில் சாதி நுழைகின்றது? ஓரணுவாய் நின்ற நாளிலும், இதயம் துடித்த நாளிலும், உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்னும் குறி எக்கருவிலும் இல்லை. விலங்கினங்களுக்குப் பிறப்பாலமைந்த வேறுபாடு போன்றது மாந்தரிடை இல்லை என்று வாசெட்ட சூத்திரம் உணர்த்துவதும் இதனையே.

ஆயினும், கருவில் பதிவது ஒன்று உண்டு. அது தாயின் வறுமை. மைசூர் நகரத்து ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் எடை ஏட்டில் பதியப்பட்டு வந்தது. 1934 முதல் 1954 வரை அங்குப் பிறந்தோருள் 517 பேரை ஆய்வாளர் பிற்காலத்தில் தேடிக் கண்டு சோதித்தனர். 1996இல் வெளியான அதன் முடிவு வருமாறு: பிறக்கும்போது 2.5 கிலோவும் அதற்குக் குறைந்தும் இருந்தவருள் நூற்றுக்குப் பதினொருவர்க்கு இதயநோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவருள் நூற்றுக்கு மூவர்க்கே இருந்தது. எடை குறைந்த தாய்மாரின் மக்களிடத்தும் இந்நோய் மிகுந்திருந்தது. இதயநோய்க்குப் புகையிலை முதலாய வேறு காரணங்களும் உண்டு. எடை குறைந்து பிறந்தோர் யாவரும் நோயுறுவர் என்பதும் இல்லை. எனினும், கருப்பையில் நேர்ந்த குறை நாற்பது ஐம்பது ஆண்டு கழித்தும் தொடரக்கூடும் என்பதை மைசூர் ஏடுகள் காட்டின.

இதனை முற்பிறவி வினை என்று கூறி வாளாவிருத்தல் தம்மம் ஆகாது. நுகர்வன யாவும் முன்வினையால் வருவன என்னும் கொள்கையைச் சீவக சூத்திரத்தில் பகவான் மறுத்துள்ளார். உணவின்மை காரணமாயின், உணவளித்தலே பரிகாரம்.

நரம்புக்குழல் மூடும் நாளில் தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறியார். ஆதலின், உணவில் கருத்துச் செலுத்துதல் கருவுறுமுன்னரே தொடங்க வேண்டும். கீரையும் பருப்பும் கேழ்வரகும் பெண்கள் வயிறார உண்ணட்டும். அதே மருத்துவமனையில் 1997-98இல் கருவுற்ற பெண்களிடம் தொடங்கிய ஆய்வில், நூற்றுக்கு 43 பேர்க்கு பி12 என்னும் வைட்டமின் குறைந்திருந்தது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அஃது உண்டு. இவற்றை உண்ணாதோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாகக் கொள்க. இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளையும் அவர் சொற்படி தவறாது கொள்க.

உபாசகர்களே! வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கத்தை இன்றே ஒழிப்பீர். கருவுற்றவளுக்கு முதற்சோறும் ஓய்வும் அளிப்பது தானங்களுள் சிறந்ததென்று உணர்வீர். சாதியை மறுத்த நாம், சாதி விட்டுச்சென்ற பசியையும் அடுத்த தலைமுறைக்குச் செல்லவிடாது தடுத்தல் வேண்டும்.

எல்லா உயிர்களும் நலமுறுக. சாது! சாது! சாது!