காகிதத்தில் ஒரு பஃபலோ, ஒரு ஹயபூசா

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 31-இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போனது. இடைப்பட்ட எட்டு வாரங்களில் மலாயா வானத்தில் மோதிக்கொண்ட இரண்டு போர் விமானங்களை இந்த வாரம் மணிலா அட்டையில் செய்து பார்ப்போம்.

ஒன்று, அமெரிக்கத் தயாரிப்பான புரூஸ்டர் பஃபலோ. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விமானிகள் இதை ஓட்டினார்கள். மற்றது ஜப்பானியத் தரைப்படையின் நகஜிமா கி-43. அதன் பெயர் ஹயபூசா, அதாவது வல்லூறு. (மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம்.)

அளவு 1:50 என்று வைத்துக்கொள்வோம். பஃபலோவின் இறக்கை நீளம் 10.67 மீட்டர், மாதிரியில் 21.3 செ.மீ. ஹயபூசாவின் முதல் வகைக்கு 11.44 மீட்டர், மாதிரியில் 22.9 செ.மீ. இரண்டும் ஏ4 தாளின் நீளவாக்கில் அடங்கும். மூன்று பக்கத் தோற்றமும் உள்ள படத்தைப் பார்த்து வரையுங்கள். உடலை ஒரே குழாயாகச் சுருட்டினால் விமானம் போல இராது; ஐந்தாறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நுனி வெட்டிய கூம்பாகச் சுருட்டி ஒட்ட வேண்டும்.

மூக்கில் தொடங்குங்கள். பஃபலோவின் என்ஜினில் ஒன்பது சிலிண்டர்கள் ஒரே வட்டமாக நிற்கின்றன. குறுக்களவு சுமார் 138 செ.மீ. ஹயபூசாவில் பதினான்கு சிலிண்டர்கள், ஆனால் ஏழேழாக இரண்டு வரிசை. குறுக்களவு 115 செ.மீ. மாதிரியில் இவை 2.8, 2.3 செ.மீ. 3.14-ஆல் பெருக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் விட்டு, பட்டையை வெட்டுங்கள். பஃபலோ பீப்பாய் போல இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த வட்டம்தான்.

அந்தத் தொப்பையைப் பார்த்து, ‘அதனால்தான் தோற்றது’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது போதாத விளக்கமாகத் தெரிகிறது. இறக்கைகளை மேசையில் வைத்துப் பாருங்கள்.

1:50 என்றால் நீளம் 50 மடங்கு குறையும். பரப்பு 50 × 50, அதாவது 2,500 மடங்கு. எடை 50 × 50 × 50, அதாவது 1,25,000 மடங்கு. பஃபலோவின் இறக்கைப் பரப்பு 19.4 சதுர மீட்டர்; மாதிரியில் 78 சதுர செ.மீ. ஹயபூசாவுக்கு 22 சதுர மீட்டர், மாதிரியில் 88. எடையோ நேர்மாறு. பறக்கும்போது பஃபலோ சுமார் 3,000 கிலோ, ஹயபூசா சுமார் 2,050 கிலோ. மாதிரிக் கணக்கில் 24 கிராம், 16.4 கிராம்.

இப்போதைய 20 சென் நாணயம் 4.18 கிராம். பஃபலோ இறக்கையில் ஆறு நாணயங்களையும் ஹயபூசா இறக்கையில் நான்கையும் அடுக்குங்கள். ஒரு நாணயத்தைச் சுமக்கப் பஃபலோவுக்குக் கிடைப்பது 13 சதுர செ.மீ.; ஹயபூசாவுக்கு 22.

இந்த வித்தியாசம் திரும்பும்போதுதான் வெளிப்படும். விமானம் சாய்ந்து வளையும்போது அதை உள்பக்கம் இழுப்பதும் இறக்கையின் தூக்குவிசையே. மற்றவை சமம் என்றால், வளைவின் ஆரம் ஒரு சதுர மீட்டர் சுமக்கும் எடையைப் பொறுத்தது. ஹயபூசா 100 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பஃபலோவுக்கு ஏறக்குறைய 166 மீட்டர் வேண்டும். பள்ளித் திடலில் 1 மீட்டர், 1.66 மீட்டர் கயிறுகளால் இரண்டு வட்டம் போட்டு, இருவர் ஒரே வேகத்தில் ஓடிப் பாருங்கள். சீக்கிரமே சிறிய வட்டத்தில் ஓடுபவர் மற்றவரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார். போர் விமானத்தில் முன்னால் இருப்பவர் உயிரிழப்பார்.

அந்தக் கூடுதல் எடை வீண் எடை அல்ல. பஃபலோவில் நான்கு துப்பாக்கிகள், விமானிக்குக் கவசத் தகடு. ஹயபூசாவில் இரண்டே துப்பாக்கிகள், கவசம் கிடையாது. சுடப்பட்டால் எளிதில் எரிந்தது. மலாயாவில் பஃபலோ ஓட்டிய பலர் அனுபவமில்லாத இளைஞர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உருவம்தான் குற்றவாளி என்று இன்னும் தோன்றினால் பின்லாந்தைப் பாருங்கள். இதே பீப்பாயின் எடை குறைந்த வகையில் 44 விமானங்களை வாங்கி, சோவியத் விமானங்களுக்கு எதிராக நன்றாகவே போரிட்டார்கள். அவற்றுள் ஒன்று 1998-இல் ரஷ்ய ஏரி ஒன்றிலிருந்து தூக்கப்பட்டு, இப்போது பின்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜொகூரில் இருக்கும் நாம் தொட்டுப் பார்க்க அட்டையில் செய்ததுதான். பசை காய ஒரு மணி நேரமாவது விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டால் இறக்கை தொங்கிவிடும்.