காலிபர் அணிந்த மாணவர்: வகுப்பறையிலும் களப்பயணத்திலும்

திண்டிவனம் வட்டாரப் பள்ளிகளுக்குப் பெருமுக்கல் மலை அருகிலேயே இருக்கிறது. உச்சியில் பழைய சிவன் கோயில், குகையில் பாறைக் கீறல்கள் என்று பார்க்க நிறையவே உண்டு. களப்பயணம் முடிவானதும், காலில் காலிபர் அணிந்த மாணவரை அழைத்துச் செல்வதா என்ற தயக்கம் வரும். முதலில் அவர் வகுப்பறையில் எப்படி எழுகிறார், அமர்கிறார் என்று பார்ப்போம்.

நாம் நுழைந்ததும் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அவர் மட்டும் தாமதிப்பார். தொடை முதல் பாதம் வரை நீளும் காலிபரில் முழங்காலின் இருபுறமும் பூட்டு உண்டு. பெரும்பாலும் அது சரிந்து இறங்கும் உலோக வளையம்தான். இரண்டையும் கையால் மேலே தூக்கினால்தான் கால் மடங்கும், உட்கார முடியும். எழும்போது காலை நேராக நீட்டி, வளையங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகே எடையை ஊன்ற வேண்டும். அவசரப்படுத்தினால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவார். இரு காலிலும் காலிபர் என்றால் நான்கு வளையங்கள்!

'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் பிள்ளைகள் பாயில் அமர்கிறார்கள். இவருக்குத் தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. தனி நாற்காலி கொடுத்தால் குழுவிலிருந்து விலகிப்போவார். அவருடைய குழுவையே பெஞ்சுக்கு மாற்றிவிடலாம்.

ஒரு காலத்தில் காலிபர் என்றாலே போலியோதான் நினைவுக்கு வரும். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் அந்நோய் கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். இன்று மூளை முடக்குவாதம், பிறவி முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளே அதிகம் அணிகிறார்கள். முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. ஷூவுக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. கழற்றி அரை மணி நேரமாகியும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் பெற்றோரிடம் சொல்லுங்கள். நன்றாக நடந்தவர் திடீரென்று காலிபரை வீட்டில் விட்டு வந்தால் அடம் என்று கடிந்துகொள்ள வேண்டாம். பிள்ளை வளர்ந்திருப்பார், காலிபர் வளராது. முழங்காலும் காலிபரின் மூட்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வட்டார வள மைய இயன்முறை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எடையும் ஒரு சிக்கல். ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் 3 கிலோ காலிபரை இழுத்து நடந்த குழந்தைகளைக் கண்ட அப்துல் கலாம், ஏவுகணைக்கான இலகுப் பொருளைக் கொண்டு 300 கிராமில் செய்ய வைத்தார். திருப்புத்திறன் பாடத்தில் இதைச் சொல்லலாம். அரை கிலோ மணல் பையைத் தொடையிலும் பிறகு கணுக்காலிலும் கட்டிக் காலை நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் புரியும். எல்லா மாணவரும் செய்யட்டும், காலிபர் அணிந்தவரைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதை அந்த மாணவரே சொல்லட்டும். படிகளில் ஏறும்போது வலுவான கால் முதலில், இறங்கும்போது காலிபர் கால் முதலில். உடன் வருபவர் இறங்கும்போது அவருக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். ஏறுவதைவிட இறங்கவே நேரம் பிடிக்கும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.