கலவையைக் குழைப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ரெமிங்டன் 700 துப்பாக்கிக்கு வீட்டிலேயே கிளாஸ் பெடிங் (ரிசீவருக்கு அடியில் எபாக்ஸித் தளம்) போடப் போவதாக எழுதியிருந்தாய். வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் நாள் இருப்பதால் நல்ல நேரம்தான். ஆனால் எபாக்ஸி டப்பாவைத் திறக்குமுன், அது தேவைதானா என்று பார்த்துவிடு. தோட்டாக்களை அகற்று, போல்ட்டை உருவு, குழலுக்குள் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய். பிறகு ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகைத் தளர்த்தி இறுக்கிப் பார். குழலும் கட்டையின் முன்முனையும் சேரும் இடத்தில் ஒரு விரல் இருக்கட்டும். திருகைத் திருப்பும்போதெல்லாம் குழல் எழும்பித் தாழ்ந்தால், ரிசீவர் கட்டைக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அசைவே தெரியாவிட்டால் கட்டையில் கை வைக்காதே. குறி தவறுகிறதென்றால் ஸ்கோப் மவுண்ட் திருகுகளைச் சோதித்துப் பார்.

உன்னுடையது வால்நட் கட்டை. மரம் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் சுருங்கும். 1966 முதல் அமெரிக்க மரைன் படை வியட்நாமில் பயன்படுத்திய எம்40 துப்பாக்கி, உன் 700-இன் உடன்பிறப்பு. அங்கிருந்த ஈரத்தில் அதன் மரக்கட்டை ஊதி முறுக்கிக்கொண்டது. 1970-களில் வந்த எம்40ஏ1-இல் ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு மாறினார்கள். நீ போடும் எபாக்ஸி மரத்தின் குணத்தை மாற்றாது. ரிசீவர் உட்காரும் இடத்தில் மட்டும் அசையாத ஒரு தளத்தைத் தரும்.

ரிசீவருக்குக் கீழே ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைச் செதுக்கி எடு. உயரம் மாறாமலிருக்க ஓரிரு இடங்களில் பழைய மரத்தைத் திட்டாக விட்டுவை. ரீகாயில் லக்கின் (உதையைத் தாங்கும் எஃகுத் துண்டு) முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகியவற்றில் டேப் ஒட்டு, பின்முகத்தில் வேண்டாம். சுடும்போது உதை முழுவதையும் தாங்குவது அந்தப் பின்முகம்தான். மற்ற முகங்களும் இறுக்கமாகப் படிந்தால் துப்பாக்கியைப் பிரிக்கும்போதெல்லாம் பெடிங்கைச் சுரண்டும்.

இனி நீ அவசரப்படவே கூடாத இடம். டிரிக்கர் ஊசித் துளைகள், போல்ட் ஸ்டாப் இருக்கும் பிளவு, திருகு மரைகள் என எபாக்ஸி நுழையக்கூடிய ஒவ்வொரு பள்ளத்தையும் பிளாஸ்டிசின் களிமண்ணால் அடை. பழைய அட்டை ஒன்றால் மேற்பரப்போடு சமமாக வழி. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விடுபட்ட குழி நிழலாகத் தெரியும். ஒரு துளைக்குள் புகுந்து இறுகிய எபாக்ஸி ஆணிபோல் நின்றுவிடும். அதன்பின் ரிசீவரை எடுக்கக் கட்டையை உடைக்கவேண்டி வரலாம். அடைத்தபின் எஃகு முழுவதும் மெழுகு பூசு, உலரவிட்டுத் துடை, மறுபடி பூசு. ரிசீவரை நேராக இறக்க உதவும் தலையில்லாத வழிகாட்டித் திருகுகளுக்கும் அதே கவனிப்பு.

கலவையை ஊற்றி ரிசீவரை இறக்கியதும் திருகை முறுக்கி இறுக்கத் தோன்றும். வேண்டாம். இறுக்கினால், எந்த வளைவை நீக்க இறங்கினாயோ அதையே எபாக்ஸி அச்சாக எடுத்துக்கொள்ளும். குழலின் முன்பகுதியில் டேப் சுற்றி அதைக் கட்டையின் நடுவில் நிறுத்து. ரிசீவரை ரப்பர் குழாயால் லேசாகக் கட்டு, போதும். பிதுங்கி வருவதை வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் உடனே துடை. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தொடாதே.

பிரிய மறுத்தால் நெம்பாதே. சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டு. பெடிங்கில் சில காற்றுக் குமிழிகள் இருந்தால் கவலை வேண்டாம். லக்கின் பின்முகம் பதிந்த இடத்தில் பெரிய குமிழி இருந்தால் மட்டும் அங்கே மறுபடி நிரப்பு. களிமண்ணையும் மெழுகையும் முழுவதும் அகற்றியபின் திருகுகளை டார்க் ரெஞ்சால் 40 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கி, விரல் சோதனையை மீண்டும் செய். ஸ்கோப்பின் ஜீரோ பெரும்பாலும் மாறியிருக்கும். காட்டுக்குப் போகுமுன் ரேஞ்சில், குழல் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கிச் சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்