செடித் தொட்டியில் பாசி: நிறம் பார்த்து வைத்தியம்

செடி வைத்த மீன் தொட்டியில் பாசி படர்ந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, கல், மணல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான். சில நாள் தொட்டி பளிச்சென்று இருக்கும். பிறகு முன்னைவிட அதிகமாகப் பாசி வரும். மணலிலும் ஃபில்டரிலும் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழுவிக் கொட்டிவிட்டால் அமோனியா தேங்கும். அது பாசியைக் கிளப்பிவிடும். பாசிக்கு வேண்டிய ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் சத்துகளும்தான் செடிக்கும் வேண்டும். செடி தெம்பாக வளர்கிற தொட்டியில் பாசி தலையெடுக்காது. ஆகவே பாசியைத் தேய்ப்பதைவிடச் செடியைத் தேற்றுவதுதான் பெரிய வேலை.

1. முதலில் விளக்கைக் கவனியுங்கள். புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும். செடிகள் வேர் பிடித்துத் துளிர் விட்ட பிறகு 8 மணி நேரம் வரை போகலாம். வீட்டுக்கு யாராவது வந்தால் காட்டுவதற்காக இரவு 11 மணி வரை எரியவிடும் பழக்கம் வேண்டாம். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். வட்டமாகச் சுற்றும் சாதா டைமர், மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை கரன்ட் போனால் விளக்கு எரியும் நேரமே தள்ளிப்போய், நடுராத்திரியில் தொட்டி ஜெகஜோதியாக இருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் இந்தத் தொல்லையைத் தராது.

2. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வேண்டாம். இடம் மாற்ற முடியாவிட்டால் வெயில் படும் பக்கத்துக் கண்ணாடியின் வெளிப்புறம் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள்.

3. கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர் இல்லாத எளிய தொட்டி என்றால் ஒளியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்: காலையில் 4 மணி நேரம், மதியம் 4 மணி நேரம் ஓய்வு, மாலையில் மறுபடி 4 மணி நேரம். செடிகள் காலையில் இழுத்துக்கொண்ட கார்பன் டை ஆக்சைடு இந்த இடைவேளையில் தண்ணீரில் மறுபடி சேரும். செடித் தொட்டிகளைப் பற்றி 1999-ல் நூல் வெளியிட்ட அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் இந்த முறையை ஆதரித்து எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் தொட்டியைப் பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

4. பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பாகப் பொடி பூசினாற்போல வரும். விரலால் தொட்டாலே கலையும். பயப்பட வேண்டாம், தொட்டி பழகப் பழகத் தானே போய்விடும். மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

5. கண்ணாடியில் பச்சை. இதில் இரண்டு வகை உண்டு. ஸ்பாஞ்சால் துடைத்தாலே போவது பச்சைத் தூள். அழுத்தித் தேய்த்தாலும் போகாமல் வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது பச்சைப் புள்ளி. புள்ளிக்கு பிளேடுதான் சரி. பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் உயரத்திலேயே நிறுத்திவிடுங்கள். பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் சிக்கினால் போதும், காலத்துக்கும் கீறல் நிற்கும். மூலைகளில் உள்ள சிலிகான் மேல் பிளேடு படக் கூடாது. அக்ரிலிக் தொட்டிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டே போதும். பச்சைப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஒளி அதிகம், பாஸ்பேட் குறைவு என்று அர்த்தம்.

6. நூல் நூலாகப் பச்சை. பழைய டூத் பிரஷை உள்ளே விட்டு ஒரே திசையில் சுற்றுங்கள், நூலெல்லாம் பிரஷில் சுருண்டு வந்துவிடும். வந்ததை உடனே வெளியே எடுங்கள். அறுந்து மிதக்கும் துண்டுகளிலிருந்தே மறுபடி வளரும். அதன்பின் விளக்கு நேரத்தை ஒரு மணி நேரம் குறையுங்கள். இதைத் தின்பதில் கெட்டிக்கார உயிர் அமானோ இறால். ஜப்பானைச் சேர்ந்த தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) 1980-களில் பாசியைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்தியதால்தான் அந்தப் பெயர் வந்தது. பெரிய மீன்கள் உள்ள தொட்டியில் இறாலை விட்டால் அது மீனுக்குத்தான் சாப்பாடு.

7. கறுப்புத் தாடி. கல், கட்டை, அனுபியாஸ் இலை ஓரம், ஃபில்டர் குழாய் என்று கறுப்பாக, குச்சம் குச்சமாக வளரும் இந்தப் பாசிதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. கையால் இழுத்தால் இலைதான் கிழியும். இது செம்பாசி இனத்தைச் சேர்ந்தது.

இதற்குக் கைகண்ட மருந்து மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல்தான் இருக்கும். லேபிளைப் பார்த்துவிட்டு, சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக் கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் மட்டம் இறங்கி, கல்லும் கட்டையும் வெளியே தெரியும்போது, சிறு பிரஷால் பாசி மேல் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீரை நிரப்புங்கள். தண்ணீருக்குள்ளேயே இருக்கும் இலை என்றால் ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பாசி மேல் மெதுவாக விடுங்கள். நுரை நுரையாகக் குமிழ் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். மொத்தத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 3 மில்லிக்கு மேல் போகக் கூடாது. இறால் உள்ள தொட்டியில் இன்னும் குறையுங்கள். மாஸ், வாலிஸ்னேரியா போன்ற மென்மையான செடிகளின் மேல் படவிடாதீர்கள். சில நாளில் கறுப்பு ரோஸ் நிறமாகி, பிறகு வெளுக்கும். வெளுத்ததை இறாலும் மோலியும் கொறித்துத் தீர்த்துவிடும்.

இவ்வளவு செய்தும் காரணத்தைக் கவனிக்காவிட்டால் தாடி மறுபடி முளைக்கும். கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்குவது முக்கியக் காரணம். இந்த கேஸுக்காகச் சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டில் வைத்திருப்பவர்கள் ஒரே பாட்டிலை நம்பாமல் இரண்டு வைத்து, ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது என்று கரைசலை மாற்றுங்கள். சிலிண்டர் என்றால் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேஸ் திறக்கட்டும். கேஸ் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையில் நிற்க வேண்டும். மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து.

8. வழவழப்பாக, போர்வை போல மணலை மூடி, நாற்றமடிக்கும் நீலப்பச்சை. இது பாசியே இல்லை, பாக்டீரியா இனம். நீரோட்டம் படாத மூலையிலும், நைட்ரேட் சுத்தமாக இல்லாத தொட்டியிலும் அடிக்கடி வரும். டியூப் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு தடித்த போர்வையால் தொட்டியைச் சுற்றி மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள். அந்த நாட்களில் தீனி வேண்டாம், கேஸ் வேண்டாம். ஏர் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. நான்காம் நாள் திறந்து மறுபடி பாதித் தண்ணீர் மாற்றுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை போடச் சொல்வார்கள்; ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

9. தண்ணீரே பச்சையாகிவிட்டால் தண்ணீர் மாற்றி மாற்றி ஓய்ந்துபோவீர்கள். மேலே சொன்ன இருட்டு வைத்தியம் செய்யலாம், அல்லது யு.வி. விளக்குப் பொருத்திய ஃபில்டரைச் சில நாள் ஓட்டலாம்.

10. உரம் போட்டால் பாசி வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 1990-களில் செடித் தொட்டி ஆர்வலர்களான பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் பாஸ்பேட்டைக் குறைத்தால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் அதைப் பின்பற்றினார்கள். பிறகு இன்னொரு செடித் தொட்டிக்காரரான டாம் பார், செடி நிறைந்த தொட்டியில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் தாராளமாக இருந்தாலும் பாசி வருவதில்லை என்று செய்து காட்டினார். நான் இரண்டாவது கட்சி. சத்து இல்லாமல் செடி மஞ்சளித்து நிற்கும் தொட்டியில்தான் பாசி ஏறுகிறது. ஆனால் தொட்டிச் செடிக்கென்றே விற்கும் உரம்தான் போட வேண்டும். மாடித் தோட்டத்து யூரியா, டி.ஏ.பி. பக்கம் கை போகக் கூடாது. அமோனியா ஏறி மீன் செத்துப்போகும்.

11. முதல் நாளே செடிகளை நிறைய நடுங்கள். வாட்டர் விஸ்டீரியா, ஹார்ன்வொர்ட், கபோம்பா போல வேகமாக வளர்பவையே பாதிக்கு மேல் இருக்கட்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மெதுவாக வளர்பவை. அவற்றை நிழலில் வையுங்கள். மிதக்கும் செடி வெளிச்சத்தையும் குறைக்கும், சத்தையும் உறிஞ்சும். அதிகமானதை அள்ளி உரக்குழியில் போடுங்கள், ஏரி குளத்தில் கொட்டாதீர்கள்.

12. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தொட்டிக்கு முதல் மாதம் வாரம் இரண்டு முறை. குழாய்த் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சொட்டுகள் கலக்காமல் ஊற்ற வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சை அப்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

13. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி. அழுகும் இலையை அன்றைக்கே கிள்ளி எடுங்கள்.

14. ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் கொடுக்கும் சக்கர் மீனை வாங்காதீர்கள். விரல் நீளத்தில் வருவது ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, செடிகளைப் பிடுங்கிப் போடும். வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவி நம் நாட்டு மீன்களை நெருக்குவது இப்படித்தான். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் தேடினால் சயாமீஸ் ஆல்கே ஈட்டர் கிடைக்கும். உடலின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் முனை வரை போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏறக்குறைய அதே சாயலில் விற்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் வளர்ந்தபின் மற்ற மீன்களின் உடலில் ஒட்டி உறிஞ்சும். நெரைட் நத்தை அருமையான வேலைக்காரன். நல்ல தண்ணீரில் பெருகாது, ஆனால் வெள்ளை முட்டைகளைக் கல்லில் ஒட்டிவைக்கும்.

15. பாசிக்கொல்லி பாட்டிலில் காப்பர் என்று போட்டிருந்தால் இறால், நத்தை உள்ள தொட்டிக்கு அது விஷம். மற்ற பாட்டில்களிலும் அவசரம் வேண்டாம்: பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

16. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது செடி சோர்ந்து, பாசி துள்ளும். மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் காற்று படும்படி சிறு ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மீன் துள்ளி வெளியே விழாமல் மேலே வலை போடுங்கள். ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள்; போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.