ஒளிந்திருக்கும் பங்கசு

உயிரியல் பாடத்தில் பங்கசு என்றதும் பழைய பாணில் படரும் பூஞ்சணமே நமக்கு நினைவு வரும். சிறுநீரகமோ ஈரலோ மாற்றிப் பொருத்தப்பட்டவருக்கோ அது உயிராபத்தாகலாம். அதனை வைத்தியர்கள் கண்டறியும் விதத்தை இங்கு விளக்க விரும்புகிறேன்.

பிறரது உறுப்பை நம் உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும். இதைத் தடுக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான சைக்குளோஸ்போரின், நோர்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பங்கசிலிருந்தே பெறப்பட்டது! உறுப்பைக் காக்கும் இம்மருந்துகளே கிருமிகளுக்கும் வழிவிடுகின்றன. காற்றிலுள்ள அஸ்பேர்ஜிலசு வித்திகளை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். நமக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அந்நோயாளரின் நுரையீரலிலோ அவை முளைக்கக்கூடும்.

நிர்ப்பீடனம் அடங்கியிருப்பதால் காய்ச்சல்கூடத் தெளிவாகத் தெரியாதிருக்கலாம். சீ.ரீ. ஸ்கான் நுரையீரலில் உள்ள புண்ணைக் காட்டும். எந்தக் கிருமியால் வந்தது என்று உறுதியாகச் சொல்லாது. குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டால் கன்டிடா வளரலாம். ஆயினும் ஏறத்தாழ பாதிப்பேரில் அது அகப்படுவதில்லை. அஸ்பேர்ஜிலசு குருதியில் வளர்வது மிக அரிது. எனவே அதன் கலச்சுவரிலிருந்து வெளிவரும் கலக்டோமனன் என்ற பல்சக்கரைட்டைத் தேடுகிறார்கள். உறுப்பு மாற்றியவர்களில் இதற்குக் குருதியைவிட நுரையீரலைக் கழுவி எடுத்த திரவமே கூடுதலாக உதவுகிறது.

இயலுமாயின் சிறு இழையத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அஸ்பேர்ஜிலசின் இழைகள் மெல்லியவை, பிரிசுவர் உடையவை, கூர்ங்கோணத்தில் கிளைப்பவை. மியூக்கோர் வகையின் இழைகள் அகன்றவை. பிரிசுவர்கள் மிகக் குறைவு. நாம் வரைந்து பழகும் இந்த வேறுபாடு ஓர் உயிரைத் தீர்மானிக்கலாம். ஏனெனில் அஸ்பேர்ஜிலசுக்குக் கொடுக்கும் வோரிகொனசோல் மியூக்கோருக்குப் பயன்படாது. மியூக்கோருக்கு உதவும் அம்போட்டெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வோரிகொனசோலும், உறுப்பு நிராகரிக்கப்படாதிருக்கக் கொடுக்கப்படும் டக்ரோலிமசின் அளவைக் குருதியில் உயர்த்திவிடும். ஆகவே ஊகித்து மருந்து கொடுப்பதிலும் ஆபத்துண்டு, தாமதிப்பதிலும் ஆபத்துண்டு.

பெற்றோரே, உங்கள் வீட்டில் மூத்தம்மாவோ சாச்சாவோ உறுப்பு மாற்றிக்கொண்டவராயின், இலேசான காய்ச்சலையும் நாட்பட்ட இருமலையும் அலட்சியம் செய்யாதீர்கள். உடனே அவரது சிகிச்சைப் பிரிவுக்கு அறிவியுங்கள். கூட்டெரு கிளறுதல், கட்டட இடிபாட்டுத் தூசி, புறாக்கூடு துப்புரவாக்குதல் ஆகியவற்றிலிருந்து அவரை விலக்கி வையுங்கள். தோழியரே, பூசண இழையின் படத்தைப் பரீட்சைக்காக மட்டும் வரையாதீர்கள். நாளை உங்களில் ஒருத்தி அதைப் பார்த்தே ஒரு நோயாளிக்குரிய மருந்தைத் தெரிவு செய்யக்கூடும், இன்ஷா அல்லாஹ்.